அருவிக்கரைக்கு ஒரு சிவப்பு டிஸ்க்

போன மாதம் கடையிலிருந்து பிரியா போன் செய்தாள். தென்காசியில் நான் வேலை பார்த்த சவுண்ட் சர்வீஸ் கடையில் ரெக்கார்டிங் பகுதியை இப்போது அவள்தான் பார்க்கிறாள். பழைய கார் வைத்திருக்கும் ஒருவர், பாட்டை டிஸ்க்கில்தான் போட்டுத் தரவேண்டும் என்று வந்து நிற்கிறாராம். அவர் காரில் பென் டிரைவ் சொருக வழியில்லை. கடையின் புதுக் கம்ப்யூட்டரிலோ டிஸ்க் போடுகிற வாயே கிடையாது. தனியாக ஒரு ரைட்டர் வாங்கி வந்து போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் பாடிய டிஸ்க் காரில் பாடவில்லை.

“அக்கா, மறுபடி மறுபடி போட்டுப் பாத்துட்டேன். எங்கன தப்பு பண்ணுதேன்னே தெரியல.”

“பாட்ட ஃபைலா அப்படியே தூக்கிப் போட்டியா, ஆடியோ டிஸ்க்னு சொல்லிப் போட்டியா?”

“அடடா, ஃபைலாத்தான் போட்டேன்” என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளுக்கு இப்படி ஒரு போன் வந்தால் அன்றைக்குச் சோறு ஒரு பிடி கூடவே இறங்கும். சாயங்காலம் அவளே திரும்பக் கூப்பிட்டு, கார்க்காரர் பாட்டுக் கேட்டபடியே போய்விட்டார் என்றாள். அதோடு விடவில்லை. “குத்தாலத்துக்கு நீங்க போட்ட டிஸ்க்கப் பத்தி கடையில இன்னும் பேசுதாங்கக்கா. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாங்க. நடந்தத நீங்களே எழுதி வச்சா என்ன?” என்று கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சுரண்டை. பி.காம். முடித்துவிட்டு, பில் போடும் வேலைக்கென்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம் என்று எதற்கும் ஹாரன் ஸ்பீக்கர் கட்டிக் கொடுக்கிற கடை. முதலாளி பரமசிவம் அண்ணாச்சி. நான் சேர்ந்து கொஞ்ச காலத்தில் டிஸ்க் ரைட்டரோடு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஹாரன் கட்டுகிற ஆட்கள் அதன் பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள் என்ற ஒரே தகுதியில் அது என் மேஜைக்கு வந்தது.

சொல்லித் தர ஆள் கிடையாது. கெட்டுப்போன டிஸ்க்குகள்தான் எனக்கு வாத்தியார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் டிஸ்க் எழுதும்போது வேறு எந்த வேலையும் தாங்காது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது சீட்டு விளையாட்டைத் திறந்தால் போதும், எழுத்து அறுந்து டிஸ்க் வீணாகிவிடும். சும்மா விட்டாலும் திரையில் மீன் நீந்தும் படம் ஒன்று தானாக வந்து அதே வேலையைச் செய்யும். வீணாய்ப் போனதையெல்லாம் அச்சன்புதூரிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் வாங்கிப்போய் வயலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வெயிலில் மினுங்கினால் குருவி வராதாம். என் ஆரம்பப் படிப்பு முழுக்க அச்சன்புதூர் வயலில் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விடுகிற அந்த மனிதர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. டிஸ்க்கைக் கையில் எடுத்தால் நடு ஓட்டையில் ஒரு விரல், விளிம்பில் ஒரு விரல். டியூப் லைட்டுக்கு நேரே அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு பிளேயரில் போட்டுவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் வாடிக்கையாளர் வந்தாலும் சரி, அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தாலும் சரி, கண் திறக்காது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் “ம்” என்பார். பாராட்டு அவ்வளவுதான்.

ஒருமுறை என் சொந்த ஊரிலேயே ஒரு கல்யாண வீட்டுக்கு நாதஸ்வர டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். பிறகு இன்னும் இரண்டு பாட்டுச் சேர்க்கலாமே என்று டிஸ்க்கை முடித்து மூடாமல் விட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் அருமையாகப் பாடியது. மண்டபத்தில் இருந்த பிளேயரோ, டிஸ்க்கே இல்லை என்று காட்டியது. மூடாத டிஸ்க் சாதாரண பிளேயருக்கு வெறும் தட்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வேறு டிஸ்க் எழுதி மூடி, கையில் பிடித்துக்கொண்டு சுரண்டை பஸ்ஸில் ஏறி, தாலி கட்டுமுன் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சொந்தக்காரர்களெல்லாம் நான் சாப்பிட வந்ததாக நினைத்தார்கள்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி சொன்னது ஒரே வார்த்தை. “ஏட்டி ஜெயா, நம்ம கடையில பாடுனா போதாது. கேக்குறவன் இடத்துல பாடணும்.”

குற்றால வேலை வந்தபோது எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது.

சீசன் நேரத்தில் மெயின் அருவிக்கரையில் அறிவிப்புச் செய்யும் வேலை எங்கள் கடைக்குக் கிடைத்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் வராதீர்கள், நகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெண்கள் பகுதி இந்தப் பக்கம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு முன்பு எல்லாவற்றையும் மைக்கில்தான் சொன்னார்கள். அறிவிப்புக் கூண்டில் இருந்த மாடசாமி அண்ணன் எங்கள் கடை ஆள். சீசன் பாதி தாண்டுமுன் அவர் தொண்டை கட்டிக்கொள்ளும். கேரளாவிலிருந்து வருகிற கூட்டத்துக்கு அவர் சொல்வது பாதி புரியாது. எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் பதிந்து கொடுத்துவிட்டால் அவருக்கு ஓய்வு, கேட்கிறவர்களுக்கும் தெளிவு என்று அண்ணாச்சி முடிவுசெய்தார்.

ஊரில் விழாக்களைத் தொகுத்துப் பேசும் ஒரு தமிழ் வாத்தியார் வந்து பேசினார். கோயில் மணி மாதிரி ஆழமான குரல். வரவேற்பு முதலில், பிறகு விதிமுறைகள், எல்லாம் முடிந்து கடைசியாக வெள்ள எச்சரிக்கை. எப்போதாவது தேவைப்படுவது என்பதால் அது கடைசிக்குப் போனது. தமிழில் பேசியதையே கொஞ்சம் மலையாள இழுவையோடு இன்னொரு தடவையும் அவரே பேசினார். டிஸ்க் எழுதி, மூடி, அழகாகத் தாள் ஸ்டிக்கர் ஒட்டி, கூண்டு பிளேயரிலும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பிரமாதமாகப் பாடியது.

மறுநாள் மத்தியானம் மாடசாமி அண்ணன் கடைக்குப் போன் செய்தார். “ஜெயா, ஒம் டிஸ்க் குதிக்கி. எண்ணெய் எண்ணெய் எண்ணெய்னு ஒரே இடத்துல நிக்கி. சனம் சிரிக்கி. நான் மைக்கையே புடிச்சுக்கிடுதேன்.”

வேறு டிஸ்க் கொண்டுபோனேன். அதுவும் காலையில் பாடி, மத்தியானத்துக்கு மேல் குதித்தது. உசத்தியான கம்பெனி டிஸ்க் வாங்கி எழுதினேன். ரைட்டரின் வேகத்தை இருப்பதிலேயே குறைத்து, நிதானமாக எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலையாக இருந்தது. தீரவில்லை. மாடசாமி அண்ணனுக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். டிஸ்க் வந்தால் தனக்கு வேலை போய்விடும் என்று ஒரு பயம் அவருக்கு.

“கேக்குறவன் இடத்துல போயி உக்காரு” என்றார் அண்ணாச்சி. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் நாள் முழுக்கக் கூண்டில் உட்கார்ந்தேன்.

அருவிக்கரைக் கூண்டு என்றால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. பக்கவாட்டில் ஜன்னல். காற்று திரும்பினால் அருவித் திவலை நேரே உள்ளே வரும். காலையில் காய்ந்திருந்த மேஜை உச்சிப் பொழுதில் விரல் வைத்தால் வழுக்கியது. டிஸ்க் குதிக்கத் தொடங்கியதும் அதை வெளியே எடுத்து, அண்ணாச்சி பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். கீறல் இல்லை. திருப்பினேன். நான் ஆசை ஆசையாக ஒட்டிய தாள் ஸ்டிக்கர் ஈரத்தைக் குடித்து, ஒரு ஓரத்தில் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

அதுதான் முதல் சிக்கல். சுற்றுகிற தட்டில் ஒரு பக்கம் கனம் கூடினால் அது ஆடும். ஆடினால் அதைப் படிக்கிற லென்ஸுக்கு எழுத்து தப்பிப்போகும். அங்கேயே உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டாத டிஸ்க்கைப் போட்டேன், மார்க்கர் பேனாவால் பெயர் மட்டும் எழுதியது. நின்று பாடியது. ஆனால் நேரம் போகப்போக அதிலும் தகராறு. முன்னாலிருக்கும் அறிவிப்பெல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசி அறிவிப்புக்குப் போனால் மட்டும் தடுக்கியது.

டிஸ்க்கில் எழுத்து உள் வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகும். ஆட்டம் அதிகம் தெரிவது விளிம்பில். கைபடுகிறதும் ஈரம் ஏறுகிறதும் விளிம்பில்தான். அந்த விளிம்பில் நாங்கள் வைத்திருந்தது வெள்ள எச்சரிக்கையை.

அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் தேய்க்காதே என்பது குதித்தால் சனம் சிரிக்கும், அவ்வளவுதான். இது குதித்தால்?

அந்த அறிவிப்பை மட்டும் தனியே, சத்தத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். அடுத்த கோளாறு வெளிப்பட்டது. “உடனே வெளியே வாருங்கள், வாருங்கள்” என்று வாத்தியார் தொடங்கியிருந்தார். பிளேயர் சுற்றி வேகம் பிடிப்பதற்குள் தொடக்கத்தை முழுங்கிவிட்டது. ஹாரனில் வந்தது “யே வாருங்கள், வாருங்கள்” மட்டும். ஓடு என்று சொல்ல வேண்டிய இடத்தில், பந்தலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கூண்டுக்கு எதிரே சாரதா சேச்சி நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அன்றைக்கு எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தவர், ஜன்னலோரம் நின்று மலையாள அறிவிப்பையும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“மோளே, இது ஆரு பேசியது?”

“ஏன் சேச்சி?”

“வெள்ளம் வருது, வெள்ளம் வருதுன்னு சொல்லுது. எங்க பாஷையில வெள்ளம்னா தண்ணி. தண்ணி வருதுன்னு சொன்னா எங்க ஆளு வெளிய போகுமா? நல்லதுன்னு இன்னும் உள்ள போய் நிக்கும். மலவெள்ளம்னு சொல்லணும். கரையில கேறிக்கோன்னு சொல்லணும்.”

சொல்லிக்கொண்டே கடைக்குத் திரும்பியவர், பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கூட்டத்தைப் பார்த்து, “சேட்டா, சிப்ஸ், சூடு சிப்ஸ்” என்று கூப்பிட்டார். அருவி ஓரமாய்த் துண்டு பிழிந்துகொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தொலைவில், அவ்வளவு இரைச்சலில். அன்று முழுக்க ஹாரனில் பேசிய வாத்தியார் குரலுக்கு அந்தப் பக்கம் யாரும் திரும்பி நான் பார்க்கவில்லை. அருவியின் சத்தமும் ஆழமான சத்தம், வாத்தியார் குரலும் ஆழமான குரல். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிப்போனது. சேச்சியின் கூர்மையான குரல் அதைக் கிழித்துக்கொண்டு போனது.

கடைக்கு வந்து அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர் வேண்டாம். எச்சரிக்கை முதலில் வரவேண்டும், உள் வட்டத்தில். சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் மௌனம் விடவேண்டும். பேசுவது சேச்சியாக இருக்கவேண்டும், இரண்டு பாஷையிலும்.

கண்ணை மூடிக் கேட்டார். “வாத்தியார் மனசு கஷ்டப்படும். நான் பேசிக்கிடுதேன். நீ அந்தம்மாவக் கூட்டிட்டு வா.”

சேச்சி முதலில் மைக்கைப் பார்த்து நெளிந்தார். ரெக்கார்டிங் அறையின் அமைதியில் அவர் குரல் தானாகத் தணிந்துவிட்டது. “சேச்சி, அது மைக்குன்னு நெனைக்காதீங்க. ஒங்க தம்பி அருவிக்குள்ள நிக்கான், மேலேருந்து தண்ணி வருது” என்றேன். அடுத்த தடவை அவர் பேசியதில் மீட்டர் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு மறுபடி பேசச் சொன்னேன். தமிழில், “ஓடுங்க, ஓடுங்க, காட்டாறு வருது, கரைக்கு ஏறுங்க.” மலையாளத்தில், “ஓடிக்கோ, ஓடிக்கோ, மலவெள்ளம் வருன்னு, கரையில் கேறிக்கோ.”

அருவிக்கரையின் மேற்பார்வை அதிகாரி இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நல்ல மனிதர், குடையும் துண்டுமாக நாள் முழுக்கக் கரையிலேயே நிற்பவர். “முதல் பாட்டா இத வச்சா, யாராவது கைதவறிப் பிளேயரத் தட்டுனாலும் இதுதான வரும்? சும்மா கெடக்கும்போது இது வந்தா சனம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஓடும். அப்பொறம் நெசமா வரும்போது ஒருத்தனும் நகர மாட்டான்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. அதிலிருந்துதான் சிவப்பு டிஸ்க் பிறந்தது. எச்சரிக்கைக்குத் தனி டிஸ்க், தனி பிளேயர். அதில் வேறு ஒன்றுமே கிடையாது. உள் வட்டத்தில் ஒரே அறிவிப்பு, நிறுத்துகிறவரை அதுவே திரும்பத் திரும்ப வரும். டிஸ்க்கின் மேல்பக்கம் சிவப்பு மார்க்கரால் ஒரு பெரிய கோடு. இரண்டாவது பிளேயரை அண்ணாச்சி கடை அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். லென்ஸில் ஈரம் படியாமலிருக்க வழி சொன்னவர் மாடசாமி அண்ணன். இரண்டு பிளேயரையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டார். அந்தச் சின்னச் சூட்டுக்கு ஈரம் அண்டவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை என்னைத் தவிர வேறு யாரையும் அவர் தொட விடவில்லை. “எம் பொட்டி” என்பார்.

தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டிருந்த ஒரு காலையில் சோதித்துப் பார்த்தோம். கடையை விட்டு நகராத அண்ணாச்சி அன்று வந்தார். அருவி முழு இரைச்சலோடு விழுந்தது, கரையில் போலீஸ் தவிர ஆளில்லை. போலீஸ் விட்ட எல்லை வரைக்கும் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சொல் ஒவ்வொன்றும் விளங்கினால் துண்டைத் தூக்கிக் காட்டுவது என்று பேச்சு. முதலில் பழைய டிஸ்க்கைப் போட்டோம். துண்டு தோளிலேயே கிடந்தது. பிறகு மாடசாமி அண்ணன் சிவப்பு டிஸ்க்கை ஓட்டினார். கொஞ்சம் மௌனம். சேச்சியின் முதல் ‘ஓடுங்க’ முடிவதற்குள் துண்டு மேலே போனது. இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சீசனிலேயே அது வேலைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. டிஸ்க்குகளைத் துடைத்து, பழசை மாற்றி வைக்க ஞாயிறுதோறும் நான் போவது வழக்கம். இளவெயிலும் சாரலும் கலந்த பொழுது. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் நிற்க இடமில்லாத கூட்டம். கீழே மழையே இல்லை. மலைக்குமேல் மட்டும் மேகம் கறுத்துக் கிடந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் துணியும் கையுமாக இருந்தேன்.

மாடசாமி அண்ணன்தான் முதலில் பார்த்தார். “தண்ணி நெறம் மாறுது” என்றார்.

வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் நடுவில் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு கோடு. அதற்குள் கரையில் நின்ற போலீஸ்காரர் விசில் அடித்துக் கையை வீசிக் காட்டினார். அண்ணன் மைக்கை எடுத்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், கை தானாக அதற்குத்தான் போனது. “எல்லாரும் வெளிய வாங்க” என்று கத்தினார். கட்டிப்போன தொண்டை. அருவிக்குள் ஒரு தலையும் திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினார். பிறகு மைக்கைக் கீழே போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து சிவப்பு டிஸ்க் பிளேயரை அமுக்கினார்.

சொல்லுக்கு முன்னால் மௌனம் வைத்தவள் நான்தான். அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. பாடு தாயே, பாடு என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

பாடியது. எல்லா ஹாரனிலும் சேச்சியின் குரல் கிளம்பி மலையில் மோதித் திரும்பியது. ஆண்கள் பக்கம் ஒன்றாகக் கைகோத்து நின்ற கேரளக் கூட்டம்தான் முதலில் நிமிர்ந்தது. அடுத்த வரி அவர்கள் பாஷையில் வந்ததும் ஒருவர் கையை ஒருவர் விடாமலே கரைக்கு ஏறினார்கள். அவர்கள் ஏறுவதைப் பார்த்து மற்றவர்கள் நகர்ந்தார்கள். பெண்கள் பக்கத்தில் பெண் போலீஸ் இரண்டு பேர் கம்பியோரம் நின்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு ஒரு பெரியவர் மட்டும் அருவிக்கு நேர் கீழே கண்ணை மூடி நின்றார். தலையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கரைக்கு ஏறிவிட்ட அவருடைய மகன்கள் திரும்பி ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வந்தார்கள். பெரியவர் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அவர் கால் படியில் பட்ட பிறகுதான் அது வந்தது. மேலே பாறைக்குழியான பொங்குமாங்கடல் நிரம்பி வழிய, செம்மண் நிறத்தில், மரக்கிளையும் கல்லுமாக இறங்கியது. கொஞ்சம் முன்பு சனம் நின்ற இடத்துக்கு மேலே இருந்த பாதுகாப்பு ஆர்ச் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கூண்டின் தகரம் நடுங்கியது. டிஸ்க் ஒரு இடத்திலும் குதிக்கவில்லை. ஓடுங்க, ஓடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு அண்ணன் அதை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார். இப்போது அதற்கு வேலை இருந்தது. பிரிந்துபோனவர்கள் கூண்டுக்கு வந்து பெயர் சொல்ல, அவர் கரகரத்த குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர் மனைவி, புனலூர்க்காரர் தம்பி என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு பெயர். அந்த மனிதருடைய வீட்டு ஆட்கள் அழுதுகொண்டு நின்றபோது, அவர் பஜ்ஜியும் கையுமாக வந்து, “எதுக்கு எம் பேரப் போட்டு இந்தக் கூப்பாடு கூப்பிடுதீக?” என்று கேட்டார். அவர் மனைவி ஈரத் துண்டாலேயே அவரை அடித்தார். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தோம். பாதிப் பேருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

சாரதா சேச்சியைக் காணவில்லையே என்று தேடினேன். கடை திறந்து கிடக்க, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“எங்க போனீங்க சேச்சி?”

“என் சத்தம் கேட்டு நான்தன்னே ஓடிப்போச்சு மோளே” என்றார். “அப்படிப் பயங்கரமா கூப்பிட்டா ஆரு நிக்கும்?” சொல்லிவிட்டு, சாக்கிலிருந்த சிப்ஸை அள்ளி அள்ளி எல்லாருக்கும் கொடுத்தார்.

கூண்டிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“முதல் சொல்லு கேட்டுச்சாட்டி?”

“கேட்டுச்சு அண்ணாச்சி.”

“கடைசி வரைக்கும் குதிக்கலயே?”

“குதிக்கல அண்ணாச்சி.”

“ம்” என்றார். போனை வைத்துவிட்டு, கடையில் இருந்த எல்லாருக்கும் தன் கையாலேயே காபி வாங்கிக் கொடுத்தாராம். அதை மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மாடசாமி அண்ணன் பெட்டியிலிருந்து சிவப்பு டிஸ்க்கை எடுத்து, நடு ஓட்டையில் ஒரு விரல், விளிம்பில் ஒரு விரலாகப் பிடித்து, தன் சட்டைக்குள்ளிருந்த காய்ந்த பனியனால் உள்ளேயிருந்து வெளியே நேர்கோடாகத் துடைத்து, மறுபடி உள்ளே வைத்தார். வட்டமாகத் துடைக்கக்கூடாது என்று அவருக்கு நான் சொன்ன ஞாபகமே இல்லை. பார்த்தே பழகியிருக்கிறார்.

அதற்கு அடுத்த சீசனில் ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் எங்களையே டிஸ்க் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு அருவிக்கும் ஒவ்வொரு இரைச்சல். ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து கேட்டு, அதற்கேற்ற குரலைத் தேடிப் பதிந்தேன். ஐந்தருவிக்குக் கிடைத்தவர் பழம் விற்கிற ஒரு அம்மா. வாத்தியார் மனசும் கஷ்டப்படவில்லை. வரவேற்பும் விதிமுறையும் கடைசிவரை அவர் குரலில்தான் போயின. நான் ஓய்வு பெறுகிறவரை சீசன் தொடங்குமுன் சிவப்பு டிஸ்க்கைப் புதிதாக எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. அதை வேறு யாருக்கும் விடவில்லை.

வெள்ளம் வடிந்து தடையை நீக்கிய அந்தக் காலையைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. புது டிஸ்க் வைக்க முதல் பஸ்ஸில் போயிருந்தேன். தண்ணீர் மறுபடி வெள்ளையாக, பதமாக விழுந்தது. வரிசை இன்னும் சேரவில்லை. பெண்கள் பக்கம் நின்ற போலீஸ் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“டிஸ்க் போட்டது நீங்கதான? இத்தன நாளா வாரீங்க, ஒருநாளாவது குளிச்சிருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். வேலைக்கென்று வரத் தொடங்கிய பிறகு ஒருநாளும் நனையவில்லை. மாற்றுத் துணி எப்போதும் பையில் இருக்காது, கையில் எப்போதும் டிஸ்க் இருக்கும். “மாத்துத் துணி இல்லக்கா” என்றேன். எதிரே கடை திறந்துகொண்டிருந்த சாரதா சேச்சி காதில் அது விழுந்துவிட்டது. ஒரு முண்டும் மேல்துண்டும் எடுத்து வந்து கையில் திணித்தார்.

சேலையோடு போய்த் தலையைக் கொடுத்தேன். முதல் அடியில் மூச்சு நின்றது. அப்புறம் தோளிலும் முதுகிலும் விழுந்து விழுந்து, எலும்புக்குள் இருந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னால் பெண்கள் கூட்டம் சேர்ந்துவிட்டிருக்கிறது.

ஹாரன் கரகரத்தது. மாடசாமி அண்ணன் குரல், மைக்கில்.

“பெண்கள் பகுதியில் குளிப்பவர்கள் கவனத்துக்கு. சுரண்டை ஜெயராணி அடுத்தவர்களுக்கு வழி விடவும். சுரண்டை ஜெயராணி அடுத்தவர்களுக்கு வழி விடவும்.”

ஒவ்வொரு சொல்லும் நன்றாகக் கேட்டது. நான் நகரவில்லை.